உயிரோடு இருப்பவன் பெயர்

மங்களேஸ்வரி அக்காவுக்குக் கோபம் வந்தால் ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடி முழுவதற்கும் தெரியும். முதலில் சட்டி பானை சத்தம் போடும், பிறகு கதவு, கடைசியில்தான் அவர் வாய் திறப்பார். எதிர்வீட்டுக்காரி என்பதால் அந்தப் பேச்சு முதலில் விழுவது என் தலையில்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. அவருடைய கோபம் நியாயமானது.

தாய் செத்த வீட்டில் தம்பி சுபேசனைத் தூக்கி வளர்த்தவர் அவர். கலியாணமாகி ஒஸ்லோ வந்து, முதியோர் இல்லச் சமையலறையில் நின்று உழைத்து ஊரில் இருந்த அவனைப் படிப்பித்தார். 2009ஆம் ஆண்டு மே மாதம், சண்டை முடிந்த நாளில் சுபேசன் இராணுவத்திடம் சரணடைந்தான். பேருந்தில் ஏற்றியதைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் யாருமில்லை. ஊரில் இருந்து சொந்தக்காரர்கள் தொலைபேசியில், “அந்தியேட்டியைச் செய்து முடியுங்கோ, ஆத்மா அலையும்” என்றார்கள். அக்கா அவர்களோடு கதைப்பதையே விட்டுவிட்டார். செத்ததற்கு ஒரு எலும்பைக்கூடக் காட்டாதவர்கள் கிரியை செய்யச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முதல் பேரனுக்குச் சுபேசன் என்று பெயர் வைக்க வேண்டும். மகன் சயூரன் சின்ன வயதிலேயே அதற்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

சயூரன் கட்டியது தாலியாவை. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த யூதப் பெண். அன்றிலிருந்து குறொன்லாண்டுக் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால் எங்களுக்கு நிம்மதியில்லை. கடைக்கார ஸ்ரனிஸ்லாஸ் வேதக்காரர், பைபிள் படித்தவர், ஆனாலும் கேள்வி ஓயாது. “அவை பண்டி தின்னமாட்டினமாம், மெய்யோ? இறைச்சியையும் பாலையும் ஒண்டாச் சாப்பிடமாட்டினமாம்? பிள்ளை பிறந்தா எந்தச் சமயம்?”

“தாய் எதுவோ பிள்ளையும் அது. அதுதான் அவையின்ரை சட்டம். நீங்கள் வெண்டிக்காயை நிறுங்கோ” என்று நான் எரிந்து விழுவேன்.

பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை. எட்டாம் நாள் சுன்னத்துச் செய்து பெயரை அறிவிப்பது அவர்கள் முறை. அதற்கு இரண்டு நாள் முன்னால் சயூரன் வந்து, பெயர் விஷயமாகத் தாலியாவின் தாய் எஸ்தர் ஒன்று கேட்க வேண்டுமாம் என்று தலையைச் சொறிந்தான். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார். பெயரில் கைவைக்கப் பார்க்கிறார்களோ என்ற கோபத்திலும், எஸ்தர் வீட்டில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம் என்பதை மறக்காமல், புதுச் சட்டியில் வடை சுட்டு எடுத்துக்கொண்டார். எங்கள் வீடுகளில் சைவச் சட்டி, மச்சச் சட்டி இல்லையா, அவருக்கு அது புதிதில்லை.

எஸ்தர் வளைத்துப் பேசத் தெரியாத மனுஷி. தேத்தண்ணியை வைத்துவிட்டு நோர்வேஜிய மொழியில் நேராகக் கேட்டார்.

“உங்கள் தம்பி இறந்துவிட்டாரா?”

அக்கா கோப்பையைத் தள்ளி வைத்தார். எஸ்தர் விளக்கினார். அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடு இருக்கும் உறவினரின் பெயரை வைத்தால், மரண தூதன் வரும்போது ஆள் மாறிப் பிடித்துவிடுவான் என்று பயம்.

சயூரன் குனிந்து தமிழில் குசுகுசுத்தான். “அம்மா, ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே.”

“ஒரு சொல்லோ? பதினாறு வருசமா அந்த ஒரு சொல்லைத்தான் எல்லாரும் என்ரை வாயிலையிருந்து பிடுங்கப் பாக்கினம். நீயுமோடா?”

அவன் பயந்துபோய் மாமியார் பக்கம் திரும்பி, இது வேதத்தில் இல்லையே, வெறும் வழக்கம்தானே என்று நோர்வேஜிய மொழியில் வாதாடினான். எஸ்தர் வாய் திறக்குமுன் அக்கா அதற்கும் பாய்ந்தார்.

“உன்ரை பிள்ளை பிறந்ததெண்டு நான் கோயில் வாசலும் மிதியாமல் முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கிறன். அது எந்த வேதத்திலை கிடக்கு? பெரியாக்கள் கதைக்கேக்கை பேசாமல் இரு!”

எஸ்தருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காத்திருந்தார். பிறகு, “நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை” என்றார்.

“இருக்கிறான்” என்றார் அக்கா.

எஸ்தர் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எங்கே இருக்கிறான், யார் கண்டது, இவ்வளவு காலமாயிற்றே என்று ஒன்றும் இல்லை. “அப்படியானால் அந்தப் பெயரை வைக்க முடியாது. அவர் உயிரோடு இருக்கிறார்” என்றார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. ஒரு கிழவியின் ஆசையை இப்படியா வெட்டுவது? வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறலாம் என்று எழும்பியும் விட்டேன். அக்கா என் சேலையைப் பிடித்து இருத்தினார்.

“இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார் எஸ்தரிடம்.

“அவர் உயிரோடு இருக்கிறார். அவருடைய பெயர் அவருக்குத்தான்.”

அக்கா மகனைத் திரும்பிப் பார்த்தார்.

எட்டாம் நாள் பிள்ளைக்கு எஸ்தரின் காலமான தகப்பன் பெயரை வைத்தார்கள், ஆரோன் என்று. அடுத்த சனிக்கிழமை குறொன்லாண்டில் ஸ்ரனிஸ்லாஸ் விட்டுவைப்பாரா?

“என்ன மங்களேஸ்வரியக்கா, தம்பியின்ரை பேரெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சியள், வைக்கேல்லையே?”

நான் சண்டைக்குத் தயாரானேன். அக்கா என்னை முந்திக்கொண்டு, கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரை அவை வைக்கமாட்டினம். விளங்குதோ? உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரை!”

ஸ்ரனிஸ்லாஸ் வெண்டிக்காயை நிறுத்தார்.