மூன்றடிப் புல்

மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் ஒரு பங்களாவின் முன்புறப் புல்தரை பாய்போலச் சுருண்டு கிடந்ததைப் பார்த்த நிமிடத்தில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. செப்டெம்பர் மாதக் காலை. மண்ணுக்குள் இருந்த வெள்ளைப் புழுக்கள் வேர் முழுவதையும் தின்றுவிட்டிருந்தன. புழுக்களைத் தேடி வந்த ஸ்கங்க், பூனையளவு விலங்கு ஒன்று, வேரில்லாத புல்லை மூக்காலேயே உருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வயிறு நிறையத் தின்று போயிருந்தது. நான் வேலிச் செடிகளைக் கத்தரிக்கும் வேலை பேசப் போனவள். வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பொறியியலாளர். செருப்போடு வாசலில் நின்று அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷமா இந்தப் புல்லுக்கு வேலைக்காரனா இருக்கேம்மா," என்றார்.

புல்லே வேண்டாம் அங்கிள், என்றேன். கல் போடுவோம். அரிசோனாவில் செய்வதுபோல.

அரிசோனாவிலிருந்து நான் திரும்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இந்நகரின் வில்லரே பகுதியில் வளர்ந்து, இங்கேயே தோட்ட வடிவமைப்புப் படித்துவிட்டு, அங்கே மாமா நடத்திய வீட்டுத்தோட்ட வியாபாரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். இரண்டாவது வருடம் மாமா நெஞ்சுவலியோடு படுத்துவிட, முழுவதையும் நானே ஓட்டினேன். இருபத்துநான்கு வயது, எட்டு வேலையாட்கள், இரண்டு டிரக். விடிவதற்கு முன்னே தொடங்கி, பதினொரு மணிக்கு நிறுத்தவேண்டும். அதற்குப் பிறகு கம்பியைத் தொட்டால் கை வெந்துவிடும். நிலம் சீமெந்துபோல இறுகியிருக்கும். இரண்டு அங்குலம் சுரண்டி, களை வராத துணியை விரித்து, சொட்டுநீர்க் குழாய் ஓட்டி, மேலே சரளைக் கல்லைக் கொட்டி, கள்ளியை நட்டால் மூன்றாம் நாள் வேலை முடிந்தது. கள்ளியை நடும்போது, பண்ணையில் அதன் எந்தப் பக்கம் தெற்கைப் பார்த்து வளர்ந்ததோ அதே பக்கத்தைத் தெற்கே வைக்கவேண்டும், மாற்றி வைத்தால் வெயில் அதன் தோலை எரித்துவிடும். இதை நான் ஒருமுறைகூட மறந்ததில்லை. ஆனால் வெயிலில் மயங்கி விழுந்த வேலையாளுக்கு நான் கொடுத்தது பத்து நிமிட நிழல். பதினோராவது நிமிடம் மண்வெட்டியோடு போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவன் எழும்பியும் இருக்கிறான். அதை நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொண்டுதான் மொன்றியலுக்குத் திரும்பி வந்தேன்.

பொறியியலாளர் ஒரே வாரத்தில் சரி என்றார். கல் பதிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் அண்ணை வந்தார். சொந்த அண்ணன் இல்லை. ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து மனிதர், எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதால் நானும் கூப்பிட்டேன். லாசால் பகுதியில் உறைமீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை. கோடையில் கிடைத்த நாட்களிலெல்லாம் வீடுகளுக்கு நடைபாதைக் கல் பதிப்பார். அவர் பதித்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடவேண்டுமோ அந்தப் பக்கம் ஓடும். அவருடைய விரல்கள் இரண்டாவது கணு வரை வெள்ளையாகிவிட்டிருந்தன. கிடங்கில் ஒருநாள் நகம் நசுங்கியதே தெரியாமல் வேலை செய்து, கையுறையைக் கழற்றியபோது உள்ளே இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். இன்னும் இரண்டு குளிர்காலம் அங்கே நின்றால் விரல் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வசந்தத்துக்குப் பன்னிரண்டு வீடு வருகிறது, கிடங்கை விட்டுவிடுங்கள் என்றேன். அப்போது என் கையில் இருந்தது ஒரே ஒரு வீடு. அவர் அக்டோபரில் விட்டார். குளிர்காலத்துக்கு வீடுகளுக்குள் டைல் பதித்துச் சமாளிப்பதாகச் சொன்னார்.

முதல் நாள் மண்ணைக் கிண்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தங்கச்சி, இது களிமண். குளிருக்கு ஊதி எழும்பும். ஒண்டரை அடி தோண்டி உடைச்ச கல்லுப் போடவேணும். டிரைவ்வே ஓரத்தில மூண்டடிக்குப் புல்லை விடுவம். ஸ்னோ தள்ள வாற மெசின் கல்லையும் சேத்தெல்லோ அள்ளும்."

மூன்றடிப் புல் என் படத்தையே கெடுத்துவிடும். கார் நிற்கும் டிரைவ்வேயின் கறுப்புத் தாரிலிருந்து நேராகச் சிவந்த கல் தொடங்கவேண்டும். அந்தக் கோடுதான் நான் கற்பனை செய்து வைத்திருந்த அழகு. பொறியியலாளர் காபிக் கோப்பையோடு நின்றார். அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"அண்ணை, நான் உங்களிட்டைத் தோட்டம் கேட்டனான். கிணறு கேக்கேல்லை."

பொறியியலாளர் காபி சிந்தச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் அண்ணையைக் கிணத்துக்காரர் என்றே கூப்பிட்டார். கிணத்துக்காரருக்கு சர்க்கரை எத்தனை ஸ்பூன், கிணத்துக்காரர் இன்னிக்கு லேட்டா என்று, அண்ணையிடம் நேரே கேட்காமல் என்னிடம் கேட்டார். அண்ணையும் சிரித்தார். நான் சொன்ன இரண்டு அங்குலத்தைச் சுரண்டினார், நான் சொன்ன ஓரம் வரைக்கும் கொட்டினார். மூன்று நாளில் முடிந்தது. படம் எடுத்துப் போட்டேன். நவம்பருக்குள் பன்னிரண்டு வீடு உண்மையாகவே வந்துவிட்டது. துள்ளிக் குதித்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மார்ச்சில் பனி உருகி, திரும்ப உறைந்து, திரும்ப உருகியது. களிமண் ஊதியது. ஓரத்தில் நட்ட பிளாஸ்டிக் விளிம்பு விலா எலும்புபோல மேலே எழும்ப, கல் தாருக்கு மேல் வழிந்து, அதன்மேல் இரவோடு இரவாகப் பனி விழுந்தது. காலையில் ஸ்னோ புளோவர் பூட்டிய டிராக்டர் வந்து பனியைக் கல்லோடு அள்ளி வீசியது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் கார்டெரி நடத்துகிறாள். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். பிள்ளைகள் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே கயிற்றில் வரிசையாக வெளியே வந்த நேரம். நான்கு வயதுப் பையன் ஒருவனின் கண்ணுக்கு ஒரு விரல் கீழே கல் பட்டது. அவன் விழுந்ததில் கயிற்றைப் பிடித்திருந்த மற்றப் பிள்ளைகளும் வரிசையாக விழுந்தார்களாம்.

பொறியியலாளர் தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, யார் பார்த்தது என்பது. பிள்ளைக்கு எப்படி என்பது இரண்டாவது. கண் தப்பியது, மூன்று தையல்.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸிலிருந்து ஒரு பெண் விசாரிக்க வந்தாள். அண்ணையையும் வரச் சொல்லியிருந்தார்கள். காகிதத்தில் அவர் என்னிடம் வேலை செய்பவர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். அப்படி எழுதியதும் நான்தான். டிரைவ்வேயில் நின்று பேசினோம். அவள் அளவுநாடாவை விரித்தாள், படம் எடுத்தாள், பிறகு பிரெஞ்சில் கேட்டாள்: கல்லை இந்த ஓரம் வரை கொண்டுவர முடிவெடுத்தது யார்?

வடிவமைப்பில் பிழை என்றால் என் பன்னிரண்டு வீடும் போய்விடும். இதை நினைக்க எனக்கு அரை நொடி போதுமாக இருந்தது. கை நீட்டவில்லை. தலையை மட்டும் அண்ணையின் பக்கம் திருப்பி, மூன்றடிக்குப் புல் விடச் சொல்லியிருந்தேன், வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக அவர் புல்லை விடவில்லை என்று, பள்ளியில் பரிசு வாங்கித்தந்த என் பிரெஞ்சில் சொன்னேன்.

அவள் அண்ணையைப் பார்த்தாள். இது சரியா என்று அவரிடம் கேட்கச் சொன்னாள்.

"என்ன தங்கச்சி கேக்கிறா?"

"எத்தினை வருசமா இந்த வேலை செய்யிறியள் எண்டு கேக்கிறா, அண்ணை."

"பதினெட்டு வருசம் எண்டு சொல்லுங்கோ. இதுவரைக்கும் ஒருத்தரும் பிழை சொன்னதில்லை எண்டும் சொல்லுங்கோ."

நான் அவள் பக்கம் திரும்பி, ஒப்புக்கொள்கிறார் என்றேன். அவள் தன்னையே பார்ப்பதைக் கண்டு அண்ணை மரியாதையாகத் தலையை ஆட்டி, "உய், உய்" என்றார். ஆம் என்பதற்கான அந்தச் சொல்தான் அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு. அவள் படிவத்தை நீட்டினாள். அவர் கையுறையைக் கழற்றினார். குளிரில் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன. தாள் ஆடாமல் இருக்க அட்டையை நான்தான் பிடித்துக்கொண்டேன். திரும்பும் வழியில், நல்ல மனிசி போல என்று அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏப்ரலில் அவருக்குக் கடிதம் வந்தது. அதற்குப் பின்னாலேயே அவருடைய தொழில் இன்சூரன்ஸை நிறுத்திவிட்டார்கள். காப்புறுதி இல்லாத ஆளை யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை. டைல் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஏதோ கடிதம் வந்திருக்கிறது, வேலையெல்லாம் நிண்டுபோச்சு, ஒருக்கா வாசித்துச் சொல்லுங்கோ என்றார். பேந்து பார்ப்பம் அண்ணை என்று தள்ளிப்போட்டேன். மறுபடி அழைத்தார். நிறைய வேலை என்றேன். அடுத்த வாரம் அவர் குளிர்க்கிடங்குக்குத் திரும்பிப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

பிறகு நான் அவரைத் தேடிப் போனதும் வருத்தப்பட்டு அல்ல. மே பிறந்துவிட்டது, பன்னிரண்டு வீடு காத்திருக்கிறது, இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன், இருவருக்கும் மட்டம் பார்க்கவே தெரியவில்லை. எனக்கு அவருடைய கை தேவைப்பட்டது. காகிதத்தில் பெயர் இல்லாமல் வரச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் லாசாலில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவருடைய மனைவி திறந்தார். அண்ணை வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் ஒரு சட்டி இளஞ்சூட்டு நீரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் மனைவி அந்தக் கடிதத்தை என் முன்னால் விரித்தார். மூன்று மாதமாக மனைவி அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தார், அழித்து அழித்து.

"தேத்தண்ணி பேந்து ஊத்திறன்," என்றார். "இந்த ஒரு வசனம்தான் எனக்கு விளங்கேல்லை. நீங்கள் இஞ்ச படிச்ச பிள்ளை. வாசிச்சு இவருக்கும் விளங்கத் தமிழில சொல்லுங்கோ."

அந்த வசனத்துக்கு மேலும் பொருள் எழுதியிருந்தது. எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார். நான் தண்ணீர் கேட்டேன், அவர் எழும்பவில்லை. வாசித்துத் தமிழில் சொன்னேன். வேலை கொடுத்தவர் தெளிவாகச் சொல்லியும் தான் புல்லை விடவில்லை என்பதை இவர் விசாரணையின்போது ஒப்புக்கொண்டார்.

"நான் பதினெட்டு வருசம் எண்டெல்லோ சொன்னனான்," என்றார் அண்ணை. சட்டித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு பேசியது மனைவிதான். குரலை உயர்த்தாமல், சந்தைக்குப் போகும் நாளை முடிவு செய்வதுபோல. அந்த இன்சூரன்ஸ் பெண்ணிடம் மூன்று பேரும் திரும்பப் போகவேண்டும். நடந்ததை நான் சொல்லவேண்டும். இடையில் நின்று அண்ணைக்குத் தமிழில் சொல்லப்போவது மனைவி. அப்படிச் செய்தால் என் நிறுவனத்தை இழுத்து மூடவேண்டி வரும் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவர்களுக்காக அது உடையவில்லை.

"மூடுங்கோ," என்றார். "பேந்து அந்தப் பாலைவனத்துக்கே போங்கோ. அங்க ஒருத்தருக்கும் கை விறைக்காது."

அண்ணை கையைத் துடைத்தார். விரல்கள் சிவக்கவில்லை, அப்படியே இருந்தன. தொட்டுப் பார்க்கத் தோன்றியது, தொடவில்லை. மேலதிகமாகக் கிடைத்த மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று காலணியை எடுத்தார். நாடாவை அவரால் கட்ட முடியவில்லை. மனைவி குனிந்து கட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை அந்த இன்சூரன்ஸ் பெண்ணை அழைத்தேன். வாக்குமூலத்தை மாற்றுவதென்றால் நேரில் வரவேண்டும், என்மீது நடவடிக்கை வரலாம், தெரிந்துதான் வருகிறேனா என்று கேட்டாள். தெரியும் என்றேன். செவ்வாய் காலை பத்து மணிக்கு வரச் சொன்னாள். அண்ணைக்கு அன்று பகல் வேலை. ஒருநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

மனைவி நேற்று அழைத்து ஒரு நிபந்தனை போட்டார். நான் ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். அவருக்கு விளங்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லவேண்டும். அவர் தமிழில் தடுமாறினால் நான் உதவிக்கு வரக்கூடாது. அதனால் இரண்டு நாளாக உட்கார்ந்து என் பிரெஞ்சை வெட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியதில் காலநிலை, களிமண், என் அனுபவக் குறைவு என்று எல்லாம் இருந்தது. மூன்று மாத வகுப்புப் படித்தவருக்கு அது ஒன்றுமே விளங்காது, விளங்கக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேனோ என்னவோ. இப்போது எட்டு வசனம் இருக்கிறது. எல்லாமே சின்ன வசனங்கள். புல் விடச் சொன்னவர் இவர். வேண்டாம் என்றவள் நான். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பொய் சொன்னேன்.

நான்காவதை முதலில் சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்லாமல் எழும்பி வரமுடியாது.