அம்மாவுக்கு ஒரு கரும்பு

மரியகொறற்றிக்குக் கரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாரிஸில் லா சப்பலில் குணரத்தினத்தின் மரக்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆளுயரக் கரும்போடு மெற்றோவில் ஏறினால் யார் கண்ணிலாவது குத்தும் என்று, வாங்குகிறவர் வாய் திறக்கும் முன்பே துண்டு துண்டாக நறுக்கிப் பையில் போட்டுவிடுவாள். அதைப் பெரிய உபகாரம் என்றே நினைத்திருந்தாள்.

அந்த ஓகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான் நறுக்கினாள். கடை வாசலில் மிச்சமிருந்ததே இரண்டு கரும்பு. கேட்டு வந்தவள் சாண்ட்ரா. அறுபது வயதிருக்கும், முகம் ஜப்பானிய முகம், பேசிய பிரெஞ்சில் ஸ்பானிய வாடை. கைப்பையில் காசு தேடி நிமிர்ந்தவள் துண்டுகளைப் பார்த்ததும், "ஐயோ, அது என் அம்மாவின் ஊன்றுகோல்!" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

கொறற்றி கத்தியும் கையுமாக விறைத்து நின்றாள். பிறகு பெட்டியொன்றைக் கவிழ்த்து அவளை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விசாரித்தாள்.

சாண்ட்ராவின் பூர்வீகம் ஜப்பானின் தெற்குக் கோடியில், ஒக்கினாவாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. ஆறு கிடையாது, புயலுக்குக் குறைவு கிடையாது. வற்றாளைக் கிழங்குதான் வயிற்றை நிரப்பியது. பாட்டன் கப்பலேறிப் பெரு நாட்டுக் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கூலியானார். அவருடைய தம்பி ஹவாய்க்குப் போனார், அங்கும் கரும்புதான். தாய் பிறந்ததும் சாண்ட்ரா பிறந்ததும் லீமாவில். பாட்டனின் தீவில் இப்போது மதில்கள் இருக்கும் அளவுக்கு ஆட்கள் இல்லை.

ஆனாலும் எந்தத் தேசத்தில் இருந்தாலும், வருடத்தில் மூன்று நாள் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மூன்றாம் நாள் பொழுதுபட்டதும் அவர்களை வழியனுப்ப வேண்டும். திரும்பிப் போக ஊன்றுகோல் வேண்டும். வீட்டார் கொடுத்துவிடுவதைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கத் தடி வேண்டும். அதற்குத்தான் படையலின் இரு பக்கமும் முழுக் கரும்பு. போன மாரியில் பாரிஸில் இறந்த தாய்க்கு இதுதான் முதல் வருகை. இன்று மூன்றாம் நாள்.

"அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை" என்றாள் சாண்ட்ரா.

கொறற்றிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்தவன் தோட்டத்தில் கரும்பு வெட்டியே முதுகு வளைந்த சனம், செத்த பிறகு அதே கரும்பை ஊன்றி நடக்கிறதா! சாண்ட்ரா போனில் படம் காட்டினாள். சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்.

"மாதாவே, இது எங்கட நெடுந்தீவு வேலியெல்லோ!"

கொறற்றி பிறந்தது அந்தத் தீவில், அப்படியொரு கல்வேலிக்குப் பின்னால்தான். தாய் அங்கே கண்மூடியபோது, பிரான்சில் அவளுடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. போய் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அவள் எழுந்து நேரே முதலாளியிடம் போனாள்.

"அண்ணை, உள்ளுக்குக் கட்டி வைச்ச கரும்பில ரெண்டு எடுக்கட்டே?"

"உனக்கென்ன விசரே? அது பிள்ளையார் தேருக்குக் கட்ட வைச்சது. சாமிக்கெண்டு வைச்சதில கை வைக்கிறதே?"

கொறற்றி விடவில்லை. தீவு, கப்பல், முழங்கால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். குணரத்தினம் பெட்டியில் தலைகுனிந்து இருந்த சாண்ட்ராவை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளையார் தாய் தகப்பனைச் சுத்தி வந்து பழம் வாங்கினவரெல்லே. ஒரு தாய்க்கெண்டு கேட்டாக் கோவிக்க மாட்டார். எடு."

சாண்ட்ரா ஒரு கரும்பைத் தன் தோளோடு நிறுத்திப் பார்த்து, தாய்க்கு உயரம் சரி என்று தலையாட்டினாள். இரண்டையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவில் அவள் நடக்க, எதிரே வந்தவர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். கொறற்றி வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்து நின்றாள்.

உள்ளே திரும்பிய குணரத்தினத்தின் கண்ணில், சுவரோடு தனியாகச் சாத்தியிருந்த இன்னொரு கரும்பு பட்டது.

"ரெண்டெண்டுதானே கேட்டனீ? இது ஆருக்கு?"

"எங்கட அம்மாவுக்கும் முழங்கால் ஏலாது, அண்ணை. இவ்வளவு வருசமும் வந்து வந்து, ஊண்டுறதுக்கு ஒண்டுமில்லாமல் திரும்பிப் போனாவோ தெரியேல்லை."