சுண்டு சோறு தின்னாத மூன்று நாள்

சோலையம்மாளும் அவள் கொழுந்தன் மலையாண்டியும் நல்லபடியாகப் பேசி எட்டு வருஷம் ஆகிறது. பேச்சுத்தான் நின்றது, ஏச்சு நிற்கவில்லை. உப்பூரிலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற அந்த ஊரில் இரண்டு வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் மக்கிப்போன ஒரு முள்வேலி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போன அவள் புருஷன் வீரமணியை ஒரு லாரி அடித்துப் போட்டது. கருமாதி முடிந்த மறுவாரமே, அவளுடைய மிளகாய்க் கொல்லைக்குப் போகிற பாதையில் மலையாண்டி சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான். ஒத்தைப் பொம்பளை என்ன விவசாயம் பார்த்துவிடப் போகிறாள், கொஞ்ச நாளில் கொல்லையைத் தன்னிடம்தான் விடுவாள் என்பது அவன் கணக்கு.

சோலையம்மாள் விடவில்லை. தாலுகா ஆபீசுக்கு இரண்டரை வருஷம் நடந்தாள். கடைசியில் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, பாதை பொதுப்பாதைதான் என்று கல் ஊன்றி, இரண்டு வீட்டு எல்லைக்கும் ஒரு கல் நட்டுவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலமே அரிவாளை எடுத்துக்கொண்டு போய் முள் முழுவதையும் தானே வெட்டி அப்புறப்படுத்தினாள். கை இரண்டும் கிழிந்து ரத்தம் ஒழுக, அவன் வாசல் வழியாகவே திரும்பி வந்தாள். அந்த இரண்டரை வருஷத்தில் அவள் வாயும் அரிவாளாகிப்போனது. ஊரில் யாரும் அவளிடம் சட்டென்று ஒரு வார்த்தை பேசிவிட முடியாது.

மகள் மதுமதியைப் பரமக்குடியில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் துணை என்று இருந்தது கருவாயன் என்கிற நாய்தான். போன வருஷம் மாசியில் அது பாதையோரத்தில் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. யார் வேலை என்று ஊருக்கே தெரியும். பார்த்தேன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கொல்லை மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தவள், ஒரு வருஷமாக அந்தக் கோபத்தை உள்ளேயே வைத்திருந்தாள்.

மதுமதிதான் இந்தச் செவலைக் குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். மூன்று மாதக் குட்டி, உருண்டையாக இருக்கும். சுண்டு என்று பேர் வைத்தார்கள். சோற்றுத் தட்டைக் கீழே வைப்பதற்குள் தலையை உள்ளே விடும். தின்று முடித்துத் தட்டையே உருட்டிக்கொண்டு போகும்.

அந்தச் சுண்டு, திங்கட்கிழமை காலையில் தட்டுக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தது. நாக்கை ஒரு தடவை நீட்டியது. பின்வாங்கிப் போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது. வெயிலுக்கு அப்படி இருக்கும் என்று நினைத்தாள். மத்தியானம் தயிர் ஊற்றிப் பிசைந்து வைத்தாள், தொடவில்லை. செவ்வாய்க்கிழமை கருவாட்டைச் சுட்டு உதிர்த்துப் போட்டாள். அதற்கும் வரவில்லை. புதன்கிழமை விடிந்து பார்த்தபோது குட்டியின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது.

எச்சிலைப் பார்த்ததும் அவளுக்குக் கருவாயன் கிடந்த கிடைதான் கண்ணுக்கு வந்தது. கக்க வைக்க உப்பைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றப் பார்த்தாள். குட்டி வீரிட்டுக் கத்தித் தலையை உதறியது. தம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

"ஏலே மலையாண்டி! வெளிய வாலே!"

அவன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி உமாமகேஸ்வரி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயில்லாத சீவனுக்கு மருந்து வச்சுத்தான் நீ ஆம்பளன்னு காட்டணுமாலே? எங்கிட்ட மோத முடியல, நாய்க்குட்டிகிட்ட வந்துட்டியோ?"

"யாருடி மருந்து வச்சா? காலங்காத்தால வந்து கத்துற?"

அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். "என் வயிறு எரியிற மாதிரி உன் குடியும் எரியணும்டா!" என்று அவன் வாசலைப் பார்த்துத் தூற்றினாள். தேய்த்து வைத்த பாத்திரத்திலெல்லாம் மண் விழுந்தது.

மண்ணைத் தூற்றியதும் மலையாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. தழையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஏய், இந்தத் தடவ நான் ஒண்ணும் வைக்கல!"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். உமாமகேஸ்வரி கையிலிருந்த சட்டியை மெல்லக் கீழே வைத்தாள். சோலையம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்ப போன தடவ?"

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"ஆமா, வச்சேன். என் ரெண்டு ஆட்டுக்குட்டியக் கடிச்சுக் கொதறுச்சு, வச்சேன்."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்ல?"

"உங்கிட்டயா? உன் வாய்க்கு முன்னால எவன் வந்து நிப்பான்?"

ஆட்டுக்குட்டி கதை அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் போய்ச் சுண்டுவை ஒயர் கூடையில் போட்டு, மேலே துண்டை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆர்.எஸ்.மங்கலம் மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா சிநேகா குட்டியை மேசையில் வைத்து, வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதுக்கு யாரோ மருந்து வச்சுட்டாங்கன்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா. எச்சி வடியுது பாருங்க."

டாக்டரம்மா இடுக்கியை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். சுண்டு கத்திய கத்தலில் வெளியே கட்டியிருந்த மாடு மிரண்டது. இடுக்கி நுனியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விலாவெலும்புத் துண்டு. மேல் அண்ணத்தில் இரண்டு பக்கப் பல்லுக்கும் நடுவில் குறுக்கே மாட்டி, சுற்றிலும் புண்ணாகியிருந்தது.

"பசி இருந்திருக்கு, வாயத் திறந்து திங்கத்தான் முடியல. எலும்பு போட்டது யாரு?"

ஞாயிற்றுக்கிழமை மதுமதி வந்திருந்தாள். கறி எடுத்திருந்தார்கள். தட்டில் மிஞ்சிய எலும்பைத் தன் கையாலேயே அள்ளிப் போட்டது சோலையம்மாளுக்கு நினைவு வந்தது.

"நான்தான்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வருகிறபோது கூடை மடியில் இருந்தது. மலையாண்டி முகத்தில் விழிக்காமல் கொல்லை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள். அது அவளுக்கு ஒத்துவரவில்லை. பயந்து சுற்றுவழி போகிறவளாக இருந்தால் அந்தப் பாதையே கிடைத்திருக்காது. நேராக அவன் வாசலில் போய் நின்றாள். உமாமகேஸ்வரி மண் விழுந்த பாத்திரங்களை மறுபடியும் தேய்த்து வெயிலில் கவிழ்த்திருந்தாள். மலையாண்டி ஆட்டுக்கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"எலும்பு மாட்டியிருந்துச்சு. நான் போட்ட எலும்புதான். நீ வைக்கல."

அவன் கொட்டகையை விட்டு வெளியே வந்தான்.

"காலையில மண்ணத் தூத்துனது கருவாயனுக்குன்னு வச்சுக்க" என்றாள். "இனிமே என் நாய் உன் ஆட்டக் கடிச்சா எங்கிட்ட வந்து சொல்லு. என் வாய்க்குப் பயந்து மருந்து வச்சா, அடுத்து ஸ்டேஷன்லதான் பாப்போம்."

"நீ மொதல்ல நாயக் கட்டிப் போடு."

"கட்டுறேன். நீ மொதல்ல வேலிய ஒழுங்கா அடை."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குச் சாயங்காலம் ஆறவைத்த கஞ்சியைச் சுண்டு நக்கி நக்கி முடித்தது. இரண்டாவது தடவை ஊற்றியதையும் முடித்தது.

மறுநாள் காலையில் மலையாண்டி வேலியோரம் கடப்பாரையால் குழி தோண்டிப் புதுக்கால் நட்டுக் கம்பி வலை கட்டினான். சோலையம்மாள் தடுக்கவில்லை. அவன் பாதி கட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சர்வேயர் நட்ட எல்லைக்கல்லிலிருந்து கயிறு பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மூணாவது காலு ஒரு சாண் இங்கிட்டு வந்திருக்கு. பிடுங்கு."

அவன் முறைத்தான். அவளும் முறைத்தாள். அவன் பிடுங்கி நட்டான்.