கூர்ப்புப் பாடமும் வைரவர் கிடாயும்

நல்லூரில் ஒரு தனியார் வகுப்பில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கூர்ப்பு என்ற பரிணாமப் பாடத்தை என்னைப்போல விளக்க ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. ஒரே தாயின் குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நோயைத் தாங்கும் குட்டி பிழைத்து, அந்தத் தன்மையைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்கும். இதையெல்லாம் ஒருவரும் திட்டமிட்டுச் செய்வதில்லை என்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மகள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, படித்ததெல்லாம் மறந்து, எங்கள் ஆட்டுக்கு அடுத்துப் பிறக்கும் கிடாய்க்குட்டியை வைரவர் கோவில் வேள்வியில் பலி கொடுப்பதாக நேர்ந்துவிட்டேன். மகள் எழும்பினாள். கிடாயும் பிறந்தது. அந்த மாரிகாலத்தில் கழிச்சல் நோய் வந்து எங்கள் ஆட்டுக்கொட்டிலில் மற்றக் குட்டிகள் எல்லாம் செத்தன. இது மட்டும் ஒன்றும் நடக்காததுபோலப் பலாக்குழை தின்றுகொண்டு நின்றது.

வேள்வி நெருங்க எனக்குப் பாடம் திரும்ப ஞாபகம் வந்தது. நோய் தாங்கிய ஒரே கிடாய், இன்னும் ஒரு மறி ஆட்டோடும் சேரவில்லை. வெட்டினால் அந்தத் தன்மையும் அதோடு சரி.

"அடுத்த வருசம் குடுப்பமே? இது நிண்டாத்தான் நோய் தாங்கிற குட்டியள் வரும்," என்றேன் கணவரிடம்.

"நேர்ந்தது நீர். நானில்லை," என்றார். பிறகு ஒருவழியாகச் சம்மதித்தார்.

வென்றும் நிம்மதியில்லை. மகளைக் காத்தது வைரவரா, அவளுடைய உடம்பா? உடம்புதான் என்றால், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இறந்துபோன பிள்ளை? "உடம்பு தாங்கவில்லை" என்று அந்தத் தாயிடம் என்னால் சொல்ல முடியுமா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

வேள்விக்கு முதல்நாள் பின்னேரம், "அம்மா, தலையிடிக்குது," என்று மகள் வந்தாள். நெற்றி சுட்டது. நான் காய்ச்சல்மானியைக்கூடத் தேடவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய்க் கிடாயின் கயிற்றை அவிழ்த்தேன்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் கணவர்.

"கோயிலுக்குக் கொண்டுபோங்கோ. இப்பவே கொண்டுபோங்கோ."

"அப்ப உம்மடை கூர்ப்பு?"

நான் கயிற்றை அவர் கையில் திணித்தேன்.

மகளுக்கு வந்தது வெறும் சளி, தடிமன். இரண்டு நாளில் மாறிவிட்டது. இந்த மாரியிலும் கழிச்சல். குட்டிகளை ஒவ்வொன்றாகப் புதைக்கிறோம். ஏன் சாகின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு மகளின் நெற்றி மறுபடி சுட்டால், மிஞ்சியதில் நல்லதைத்தான் வைரவருக்கு அவிழ்ப்பேன்.