இடது பக்கத்து சீட்பெல்ட்

இது உண்மையில் நடந்தது. எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். சொற்களில் பிழை இருந்தால் வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சம்பவத்தில் பிழை இல்லை. அனுபவித்தவரின் வீடு அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. அவர் வாயால் கேட்டதையும், அவருடன் இருந்தவர்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் பணிவுடன் சொல்லிவிடுகிறேன். இது இருட்டில் நடந்த கதையன்று. தார் ரோடு இளகி டயரில் ஒட்டும் உச்சி வெயிலில் நடந்தது.

அரவிந்த்குமாருக்குக் கோயம்புத்தூரில் வேலை. சொந்தம் விட்டுப் போகாமல் திம்மையாவின் மகள் தேவிபிரியாவை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்காக, உடன் வேலை பார்க்கும் நாகராஜ் தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்தனுப்பியிருந்தார். சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் பதுங்கிப் போகும் வண்டி. மொத்தமே இரண்டு இருக்கைகள். “ஒரு கீறல் விழாம திருப்பிக் குடுத்துரு” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அரவிந்த்குமாருடையது வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். அந்த வீட்டின் கன்னி, அவருடைய அப்பாவின் அக்காள் கோகிலாம்பாள். அரவிந்த்குமார் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். ஒரு படம்கூடக் கிடையாது. வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் புடவை அவருக்குத்தான். சொந்தத் தறியில் நெய்து, பெட்டியில் வைத்து, பாவு நூலால் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து படைப்பார்கள். வீட்டுக்கு வரும் மருமகள்தான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவள்தான் அதை முதலில் உடுத்தவும் வேண்டும்.

இந்த முறை புடவை திருச்சுழியில், சித்தி தங்கலட்சுமியின் தறியில் தயாராகியிருந்தது. அம்மா பாலாமணி படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார்.

“பெட்டிய மடியில வச்சுக்க. கெளம்பறப்ப, ‘அத்தை, வாங்க, வீட்டுக்குப் போகலாம்’னு சொல்லணும். இங்க நான் வெளக்கோட நிப்பேன். நான் ‘இறங்கி வாங்க’ன்னு சொன்ன பெறகுதான் நீ இறங்கணும். வெளங்குச்சா?”

“மடியில வச்சுக்கிட்டு எப்படிம்மா வண்டி ஓட்டறது?”

“அதுக்குத்தான் பஸ்ஸுல போன்னேன்.”

திருச்சுழியில் சித்தி பெட்டியைக் கையில் கொடுத்ததும், அரவிந்த்குமார் அதை டிக்கியில் வைத்து மூடினார். காரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து ‘வாங்க’ என்பதற்கு அவருக்குக் கூச்சம். இடது பக்கத்துக் கதவைத் திறந்து, சினிமாக் கதாநாயகனைப் போலக் குனிந்து, “ஏறிக்கோங்க அத்தை” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கதவைச் சாத்தினார்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் மணி அடிக்கத் தொடங்கியது.

டிங்… டிங்… டிங்…

இடது இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் எச்சரிக்கை மணி அது. இருக்கையில் ஒன்றுமே இல்லை. செல்போன்கூட இல்லை. அவர் கையால் தட்டிப் பார்த்தார். மணி நிற்கவில்லை. எரிச்சலோடு ஓரங்கட்டி, காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

மணி நின்றது.

வெளியில் கருவேலங்காடு. காய்ந்த கண்மாய். காருக்குள் ஏ.சி. குளிர். எங்கிருந்தோ மருக்கொழுந்து வாசம் வந்தது. சித்தி வீட்டுப் பூவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

ஒரு திருப்பத்தில் வெள்ளாட்டு மந்தை ரோட்டை மறித்தது. அவர் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. அதன் பிறகுதான்…

டமார்!

பின்னால் பருத்தி லோடு ஏற்றி வந்த மினி லாரி, காரின் முதுகில் ஏறிவிட்டது. அரவிந்த்குமாருடைய தலை பின்னால் மோதி முன்னால் வந்தது. கண் இருட்டித் தெளிந்தது. தெளிந்ததும் அவர் முதலில் கண்டது அந்தப் பெல்ட்டைத்தான்.

காலி இருக்கையில் பெல்ட் தொய்ந்து கிடக்கவில்லை. முன்னால் புடைத்து, விறைத்து நின்றது. பெல்ட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி.

பிறகு மெல்ல… மெல்லத் தணிந்தது.

லாரி டிரைவர் ஓடிவந்தார். எம்.ரெட்டியபட்டிக்காரர், பெயர் மாரிக்கண்ணன். வந்தவர் அரவிந்த்குமாரின் பக்கம் வரவில்லை. இடது பக்கக் கதவைத்தான் போய்த் தட்டினார்.

“ஏம்மா… ஏம்மா! அடி கிடி பட்டுருச்சா?”

“யோவ்! ஓட்டுனது நானு. இங்க வந்து கேளுய்யா!”

“ஒங்களத்தான் பாத்தாலே தெரியுதே தம்பி, நல்லாத்தான கத்துறீக. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எந்தப் பிள்ள? நான் தனியா வாரேன்.”

மாரிக்கண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி தம்பி. அது ஒங்க பாடு. ஆனா ஒண்ணு, தப்பு எம்மேல மட்டும் இல்ல. அந்தப் பிள்ள திரும்பி ஒக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு வந்துச்சு. கண்ண எடுக்கவே இல்ல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. பிரேக்க மிதிக்க மறந்துட்டேன்.”

அரவிந்த்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது. இடித்தவன் தப்பித்துக்கொள்ளக் கதை கட்டுகிறான் என்றே எண்ணினார். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. டிக்கி உள்வாங்கி இறுகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் திறக்கவில்லை. உள்ளே புடவைப் பெட்டி. இது நாகராஜின் வண்டி. கல்யாணமோ நெருங்கிவிட்டது.

ஆடு மேய்த்த முத்துத்தாய் என்ற பெண், தூக்குவாளித் தண்ணீரை அவரிடம் நீட்டினார்.

“நீங்க குடிச்சுட்டு அவுகளுக்கும் குடுங்கய்யா. பாவம், வேர்த்து ஊத்தி ஒக்காந்திருக்காக.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

காலி இருக்கை.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஓர் இயந்திரக் குரல். ரெக்கவரி வண்டி வரும்வரை நிழலில்லாத ரோட்டோரத்தில் காத்திருப்பு. வந்த வண்டிக்காரர், “இவ்வளவு தாழ்வான காரை ஏத்த என்கிட்டப் பலகை இல்லை சார்” என்று திரும்பிப் போனார். வேறொன்று வந்து, அருப்புக்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் இறக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் கடப்பாரை போட்டு டிக்கியை நெம்பினார்கள். பெட்டி நசுங்கவில்லை. பாவு நூல் முடிச்சு போட்டபடியே இருந்தது. அவர் பெட்டியை ஓர் ஆட்டோவில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார். அம்மா வாசலில் விளக்கோடு நின்று, ஆட்டோவைப் பார்த்து “இறங்கி வாங்க” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்புக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். பார்த்தார். எழுதினார். பிறகு கேட்டார்:

“கூட வந்தவங்க எங்க சார்? அவங்க டாக்டர் சீட்டு வேணும்.”

“யாரும் வரலைங்க.”

“சார், இடது பெல்ட் லாக் ஆகியிருக்கு. ஆள் இருந்து இழுத்தாத்தான் இப்படி ஆகும். காலி சீட்டுல ஆகாது.”

“மணி அடிச்சுது, அதான் மாட்டினேன்.”

“ஆள் இல்லாம மணி எப்படி சார் அடிக்கும்?”

மெக்கானிக் ஒரு பக்கம் அந்தப் பெல்ட்டின் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது கழலவே இல்லை. பெல்ட்டை அறுத்துவிடலாமா என்று கேட்டார். “அடிபட்டவரை மறைக்கிறீர்கள். உண்மையைச் சொல்லும்வரை கோப்பு நகராது” என்று சர்வேயர் கறாராகச் சொல்லிவிட்டார். எத்தனை முறைதான் ஒருவர் ‘இல்லை’ என்று சொல்வது?

ஊர் வாய் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை காரில் ஒரு பெண் இருந்தாளாம் என்ற பேச்சு, கார் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வருவதற்கு முன்பே திம்மையாவின் வீட்டுக்குப் போய்விட்டது. தேவிபிரியா போனை எடுக்கவில்லை. மாலையில் ஒரே ஒரு செய்தி வந்தது: ‘யார்னு மட்டும் சொல்லிருங்க. அப்பா நாளைக்கு வர்றாங்க. நிறுத்தப் போறேங்கறாங்க.’

திம்மையா சொன்னபடியே வந்தார். தனியாக வரவில்லை. சாட்சிக்கு மாரிக்கண்ணனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“மாப்ள, நான் ஒங்களக் கேக்கல. நீங்க இல்லைன்னுதான் சொல்லுவீக. இவரக் கேக்கறேன். ஏப்பா, நீ பாத்தத அவுக அம்மா முன்னாடி சொல்லு.”

மாரிக்கண்ணன் தயங்கினார். “நமக்கெதுக்குங்க ஒரு குடும்பத்துல…”

“சொல்லுப்பா.”

“அரக்குக் கலர் பொடவ. மாம்பழ மஞ்சள்ல கரை. சின்ன வயசுப் பிள்ளதான்.” அவர் தொண்டையைச் செருமினார். “ஆனா… தலமுடி மட்டும் ஆம்பளப் பையன் மாதிரி ஒட்ட வெட்டியிருந்துச்சு. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆனது.”



திம்மையா கையை நீட்டிச் சுவரைப் பிடித்தார்.

மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“காய்ச்சல்ல…” என்றார். “காய்ச்சல்ல முடிய எடுத்துட்டாக. நான் சின்னப் பையன். சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கோகிலாம்பாள் அக்கா திரும்பி, கண்ண எடுக்காம என்னையவே பாத்தாக. மறுநாள் போயிட்டாக.”

பாலாமணி தங்கள் வீட்டுக் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“நீ என்ன சொல்லிக் கூப்பிட்ட?”

“…ஏறிக்கோங்கன்னு.”

“பெட்டி ஆட்டோவுல வந்துச்சு. நான் ஆட்டோவப் பாத்துல்ல கூப்பிட்டேன். கார்ல இருந்து இறங்கச் சொல்லி யாரு கூப்பிட்டா?”

யாரும் கூப்பிடவில்லை.

மூன்று நாட்களாகக் கோகிலாம்பாள் அந்த ஒர்க்‌ஷாப்பில், வெயிலில், பெல்ட் கட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார்…

அப்போதே எல்லோரும் கிளம்பினார்கள். உச்சிப் பொழுது. ஒர்க்‌ஷாப் தகரக் கொட்டகை அனலாகத் தகித்தது. பாலாமணி அந்த வெயிலிலும் விளக்கேற்றினார். மெக்கானிக் வாய்பிளந்து நின்றார். அரவிந்த்குமார் இடது பக்கக் கதவைத் திறந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“இறங்கி வாங்க” என்றார் அம்மா. “வீட்டுக்குப் போகலாம்.”



விளக்குச் சுடர் அசையவில்லை.

‘டிக்.’

கொக்கி கழன்றது. பெல்ட் சரசரவென்று பின்னால் ஓடி மறைந்தது.

மருக்கொழுந்து வாசம்…

திம்மையா கையெடுத்துக் கும்பிட்டார். “கல்யாணம் நடக்கும்” என்றார். அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வேறொரு சாதாரணக் கார்தான். ஸ்போர்ட்ஸ் காரைச் சரி செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பவே பல வாரங்கள் ஆயின. சர்வேயர் கடைசிவரை நம்பவில்லை என்பதையும், அந்தச் செலவு அரவிந்த்குமாருடைய தலையில்தான் விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதுவரை நான் எழுதியவற்றுக்கு யாரேனும் காரணம் சொல்லலாம். பெல்ட் பழுது எனலாம். வெயில் மயக்கம் எனலாம். நானும் மறுக்க மாட்டேன்.

ஆனால், இந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் காரணம் சொல்லவில்லை.

வழக்கப்படி, புகுந்த வீட்டில் கன்னியின் விளக்கு முன்னால் தேவிபிரியாதான் அந்தப் பெட்டியின் முடிச்சை அவிழ்த்தார். அதுவரை சித்தியைத் தவிர அந்த வீட்டில் யாரும் உள்ளே இருந்த புடவையைப் பார்த்ததில்லை. திறந்தார்.

அரக்கு. மாம்பழ மஞ்சள் கரை.

தேவிபிரியா உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தார். பாலாமணியின் கையிலிருந்த குங்குமத் தட்டு கீழே விழுந்தது.

இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை புடவையில் ஒரு தடம். பெல்ட்டின் அகலம். நூல் நசுங்கி, சாயம் கறுத்துப் போன தடம்.

மடித்து வைத்த புடவையின் மேல் எதை வைத்து அழுத்தினாலும், பிரிக்கும்போது மடிப்புக்கு மடிப்பு துண்டு துண்டாகத்தான் தடம் விழும். தறியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது அப்படி விழவில்லை. புடவையை விரித்துப் போட்டால் முந்தானையில் ஒரு துண்டு, கொசுவத்தில் ஒரு துண்டு என்று தொடர்பில்லாமல் கிடக்கிறது. ஒரு பெண் உடுத்தி நின்றால் மட்டுமே அவை சேர்ந்து ஒரே கோடாகின்றன.

ஆனால் புடவை இருந்தது டிக்கியில்.

பெட்டிக்குள்.

அன்றுவரை அந்த முடிச்சை ஒருவரும் அவிழ்க்கவில்லை.