ஹசிந்தா வீட்டுச் சிவப்பு லாந்தர்

எங்கள் சிக்கிமுலா ஊரில் வீரம் என்று பேச்சு வந்தால் ஆளாளுக்கு ஒரு தளபதி பெயரைச் சொல்வார்கள். நான் பக்கத்து வீட்டு ஹசிந்தாவைத்தான் சொல்வேன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். அவள் மகனுக்கு நான் ஞானத்தாய். அதனால் என்னைக் 'கோமாத்ரே' என்பாள்.

சனிக்கிழமைதோறும் தாமால் விற்றுப் பிழைத்தாள். சோள மாவுக்குள் தக்காளிச் சாறும் கோழிக்கறியும் வைத்து, வாழையிலையில் கட்டி அவிப்பாள். முடிச்சுப் போடுவது என் வேலை. அந்தி சாய்ந்ததும் வாசலில் சிவப்பு லாந்தரை மாட்டுவாள். சிவப்பு எரிந்தால் தாமால் தயார் என்பது எங்கள் நாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்போது அரசாங்கம் பண்ணைகளில் சும்மா கிடந்த நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. ஹசிந்தாவின் தம்பி லீசான்ட்ரோவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவ்வளவுதான், இங்கே கம்யூனிசம் வந்துவிட்டது, விட்டால் அக்கம்பக்கமெல்லாம் பரவிவிடும் என்று அமெரிக்காக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்கள் கொடுத்தனுப்பிய விமானங்கள் தலைக்கு மேல் பறந்தபோது எங்களுக்கு நிஜமாகவே கலக்கியது. அவற்றுக்குப் பேதி மருந்து என்றே பெயர் வைத்தோம்.

பிறகு அமெரிக்காக்காரர்கள் கூலி கொடுத்துத் திரட்டிய படை எல்லை தாண்டி வந்தது. நிலம் வாங்கியவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். லீசான்ட்ரோ மலைக்கு ஓடினான். "சனிக்கிழமை இருட்டினதும் வரேன்க்கா, எங்க ஆளுங்களுக்குச் சாப்பாடு கட்டி வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை, வாசலில் லாந்தரை மாட்டிவிட்டு ஹசிந்தா உள்ளே வந்த சற்று நேரத்தில், கொல்லைப்புறமாக ஒரு கேப்டன் ஆட்களோடு நுழைந்தான். கூலிக்கு வந்த வெளிநாட்டான். அடுப்படியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு பேரும் அசையக் கூடாது. உன் தம்பி வரட்டும்."

நான் போட்டுக்கொண்டிருந்த முடிச்சைப் பாதியில் விட்டேன். ஹசிந்தா எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

"கேப்டன், வாசல்ல சிவப்பு லாந்தர் எரியுது. அணைஞ்சுடாம எண்ணெய் ஊத்திட்டு வந்துடறேன்."

அவன் துள்ளி எழுந்தான். "சிவப்பா? யாருக்குடி சிக்னல் காட்டுற?"

"ஐயோ சாமி, தாமால் ரெடின்னு அர்த்தம். ஊருக்கே தெரியும்."

"கம்யூனிஸ்ட் நிறத்துல உனக்கு விளக்கு கேக்குதா?"

"தக்காளியும்தான் சிவப்பு. அதையும் அரெஸ்ட் பண்ணுவீங்களா?"

அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றிருந்தது. அவளோ, "அதை மட்டும் அணைச்சுடாதீங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்" என்று ஒப்பாரியே வைத்தாள். அவள் கெஞ்சக் கெஞ்ச அவனுக்குச் சந்தேகம் ஏறியது. வாசலுக்குப் போய், லாந்தரைப் பிடுங்கித் தரையில் அடித்தான்.

அதன்பிறகு ஒருவரும் கதவைத் தட்டவில்லை. காத்திருந்து அலுத்து, எங்கள் தாமாலையே வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனார்கள்.

லீசான்ட்ரோ தெருமுனை வரை வந்திருக்கிறான். "எங்கக்கா செத்தாலும் லாந்தரை மாட்டிட்டுத்தான் சாவா. அது எரியலைன்னதும் திரும்பிட்டேன்" என்று எல்லை தாண்டிப் பக்கத்து நாடான சால்வடோருக்குப் போன பிறகு சொல்லியனுப்பினான்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? உடைந்த சிவப்புக் கண்ணாடியைப் பார்த்து அழுதேன். "உன் லாந்தர் போச்சேடி!"

ஹசிந்தா துடைப்பத்தை எடுத்தாள்.

"நான் அணைச்சிருந்தா அங்கேயே சுட்டிருப்பான், கோமாத்ரே. அதான் அணைக்காதேன்னு கெஞ்சினேன்."