டேஷ்போர்டு முருகன்

அப்பாவின் பழைய காரை, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே வெளிர் பச்சைக்கும் அதே குரோம் பட்டைகளுக்கும் திரும்பக் கொண்டுவந்திருந்தேன். மதுரையில் நடக்கும் பழைய கார் போட்டியில், பின்னால் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறைப்பார்கள். என் பட்டியலில் மிச்சமிருந்தது ஒன்றுதான்: டேஷ்போர்டில் முருகன் சிலைக்காகப் போட்டிருந்த ஓட்டைகளை அடைப்பது.

"அப்ப சாமி எங்க நிப்பாரு, ஆத்தா?" என்றார் அப்பா. "அவரு இல்லாம நான் இந்தா இருக்க செம்பட்டிக்குக்கூட ஓட்டுனதில்ல."

"போட்டி முடியுற வரைக்கும் வீட்ல இருக்கட்டும்ப்பா."

"அப்ப நானும் வீட்லயே இருக்கேன்."

அந்தப் பழைய கியர் எனக்குப் பிடிபடவில்லை. அவர்தான் ஓட்டியாக வேண்டும். டேஷ்போர்டு இரும்புத் தகடு என்பது அப்போதுதான் உறைத்தது. ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தோம். முருகனின் பீடத்துக்கு அடியில் ஒரு காந்தத்தை ஒட்டி, கீறல் விழாமலிருக்க அதன் அடியில் வெல்வெட் துணி வைத்தேன். நடுவர் வரும்போது சிலையை எடுத்துவிடும்படி அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

நடுவர் குனிந்து பார்த்தபோது முருகன் ஜம்மென்று நின்றிருந்தார்.

"இவரு கம்பெனியிலயே வந்தாராண்ணே?"

"இல்ல சார், பழனியில இருந்து வந்தாரு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நடுவர் சிரித்துக்கொண்டே முருகனைத் தூக்கி, அந்த இடத்தை விரலால் தடவினார். ஓட்டை இல்லை, கீறலும் இல்லை. சிலையைத் திரும்ப வைத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

திண்டுக்கல்லில் வீடு வந்து சேரும்வரை அப்பா அதற்கு முருகனைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தார்.